திருவல்லிக்கேணியில் படித்து புற்று நோய்க்கு மருந்து தந்தவர்

ஹைதராபாத் ரெட்ஹில்ஸில் 1955-ம் ஆண்டு தொடங்கப்பட்ட, மெஹ்தி நவாஸ் ஜங் பெயர் தாங்கிய புற்று நோய் மருத்துவமனையை இங்கு வாழும் தமிழர்களில் பலர் அறிவர். உறவினருக்காகவோ, உடன் வேலை செய்பவருக்காகவோ அந்த வாசலில் காத்து நின்றவர்களும் உண்டு. புற்று நோய்க்கு அறுவை சிகிச்சை ஒரு வழி, கதிர் வைத்தியம் இன்னொரு வழி. மூன்றாவது வழி ஊசியும் மாத்திரையும். இந்த மூன்றாவது வழியைத் திறந்துவிட்ட முதல் மருந்துகளில் ஒன்று, ஒரு தெலுங்கரின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தது. அவர் பள்ளிப் படிப்பை முடித்ததோ சென்னைத் திருவல்லிக்கேணியில். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ம் தேதி பிறந்தார். ஏழு குழந்தைகளில் ஒருவர். தந்தைக்கு ரெவின்யூ இலாகாவில் சிறிய உத்தியோகம். குடும்பத்தில் வறுமை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடவில்லை, திரும்ப அழைத்து வந்து பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறினார். மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தேர்வில் தவறிய பிள்ளையை வீட்டில் கரித்துக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரசிடென்ஸி கல்லூரிப் படிப்புக்குப் பின் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாக விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார்.

இதற்கிடையே குடும்பத்தில் பேரிடி. ஸ்ப்ரூ என்ற கழிச்சல் நோய்க்கு, சில நாட்கள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தார். உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றி, ஆள் எலும்பும் தோலுமாகிவிடும் நோய் அது. அன்று அதற்கு மருந்து கிடையாது. காரணம் என்ன என்று சொல்லவும் ஆள் இல்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை.

மாமனாரின் உதவியோடும் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் உதவியோடும் 1922-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். பகலில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. டாக்டர் பட்டம் பெற்றவர் அதற்காக வெட்கப்படவில்லை. 1925-ல் பேராசிரியர் ஃபிஸ்க்கேயுடன் சேர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டார். அந்த முறைக்கு இருவர் பெயரும் நிலைத்தது. தசைகள் வேலை செய்யும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதிலும் இருவரும் முக்கிய உண்மைகளைக் கண்டார்கள். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்திலுள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

அங்கேதான் பழைய எண்ணம் பலித்தது. 1945-ல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்ததும் ரத்தம் ஊறியது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்த மருந்து.

கதை இதோடு முடியவில்லை. பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிட்னி ஃபார்பர் என்பவர், ரத்தப் புற்று நோய்க் குழந்தைகளுக்கு இந்த வைட்டமின் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதில் கூடியதாகத் தோன்றியது. உடம்பின் அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். கட்டுக்கடங்காமல் பெருகும் புற்று அணுவுக்கும் அது வேண்டும். நோய்க்குத் தீனி போட்டது போல ஆகிவிட்டது. அப்படியானால் அந்தத் தீனியைத் தடுத்தால் என்ன?

சுப்பாராவின் கூடத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் வேலை செய்யாத பொருள்களைச் செய்தார்கள். பூட்டில் கள்ளச் சாவி நுழைந்து சிக்கிக்கொண்டால் நல்ல சாவியும் நுழையாதல்லவா? அதே தந்திரம்தான். அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 1947 டிசம்பரில் ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். பதினாறு பேரில் பத்துப் பேருக்கு நோய் தணிந்ததை 1948 ஜூனில் வெளியிட்டார். தணிவு சில மாதங்களுக்குத்தான். பிறகு நோய் திரும்பியது. ஆனாலும் மருந்தால் அந்த நோயைத் தணிக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது.

அதன் தம்பி போன்ற மெத்தோட்ரெக்ஸேட், 1956-ல் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்று நோயைக் குணப்படுத்தியது. பிறகு நுரையீரல் புற்று நோய்க்கும் தனியாகவும், மற்ற மருந்துகளோடும் கொடுத்தார்கள். நுரையீரலுக்கு இப்போது வேறு மருந்துகள் முன்னுக்கு வந்துவிட்டன. குழந்தைகளின் ரத்தப் புற்று நோய்க்கும், முடக்கு வாதத்துக்கும் இன்றும் அதைத்தான் எழுதித் தருகிறார்கள். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்ததே.

இத்தனைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. 1919-ல் அவர் மணந்த சேஷகிரி அம்மாள், சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார் என்று நம்பி ஊரில் காத்திருந்தார். பிறந்த ஒரே மகன் ஒரு வயது நிறையுமுன் இறந்தான். கணவர் வரவில்லை. பணமில்லை, ஆராய்ச்சி முடியவில்லை, பிறகு யுத்தம் என்று ஆண்டுகள் போயின. குடும்பத்தை ஊரில் விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கு அந்த அம்மாள் பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை. அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

1946-ல் இந்தியர்கள் அமெரிக்கப் பிரஜையாகலாம் என்று சட்டம் வந்தது. அவர் ஆகவில்லை. ஃபார்பரின் அறிக்கை வெளியான இரண்டாம் மாதம், 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. இந்தியா சுதந்திரம் பெற்று ஓராண்டு ஆகச் சில நாட்கள் இருந்தன. ஊருக்கு அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நூற்றாண்டான 1995-ல் இந்திய அரசு அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது.