நிலத்தின் அகம் கண்டவர்

காலடியில் உள்ள நிலத்தின் அடியாழத்தை எவரும் கண்டதில்லை. மனிதர் தோண்டிய ஆழ்துளைகளுள் மிக ஆழமானதும் பன்னிரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. புவியின் மையமோ ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. கண்ணுக்கு எட்டாத அவ்வாழத்தை நிலநடுக்க அலைகளைக் கொண்டு அறியலாம் எனக் காட்டியவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம்.

அவர் 1858ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைவராக விளங்கியவர். தந்தை மறைந்த மறு ஆண்டு, 1879இல், மகனும் அதே துறையில் பணியேற்றார். 1869ஆம் ஆண்டின் கச்சார் நிலநடுக்கம் குறித்துத் தந்தை விட்டுச் சென்ற ஆய்வைப் பதிப்பித்து வெளியிட்டது, அவருடைய தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று.

1897ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் மாலை, ஷில்லாங் பீடபூமி பேரதிர்வுக்கு உள்ளானது. கல்லால் கட்டிய வீடுகள் நொடிகளில் சரிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழிவின் காரணத்தை ஆராயும் பொறுப்பு ஓல்டாமிடம் வந்தது. வளைந்த தண்டவாளங்கள், நிலத்திலிருந்து எறியப்பட்ட கற்கள், பிளந்த பாறைகள் என ஒவ்வொன்றையும் அவர் சான்றாகக் கொண்டார். கற்கள் மேலெழுந்த விதத்திலிருந்து, நிலத்தின் உந்துவிசை புவியீர்ப்பையும் விஞ்சியதென உணர்ந்தார். அவரது விரிவான அறிக்கை 1899இல் வெளிவந்தது.

அந்த அதிர்வு ஐரோப்பாவின் கருவிகளிலும் பதிவாகியிருந்தது. அப்பதிவுகளை ஒப்பிட்ட ஓல்டாம், ஒரே அதிர்வு மூவகை அலைகளாக வந்து சேர்வதைத் தெளிந்தார். முதலில் வருவன முதன்மை அலைகள். இவை செல்லும் திசையிலேயே பொருளை அழுத்தியும் தளர்த்தியும் விரைகின்றன. திண்மம், நீர்மம் இரண்டையும் கடக்கின்றன. அடுத்து வருவன இரண்டாம் நிலை அலைகள். செல்லும் திசைக்குக் குறுக்காகப் பொருளை அசைக்கும் இவை திண்மத்தில் மட்டுமே பரவும். இறுதியாக வருவன, நிலத்தின் மேற்புறத்தை ஒட்டிச் செல்லும் மேற்பரப்பு அலைகள்.

உடல்நலம் குன்றியதால் 1903இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியபோதும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. புவியின் மையப்பகுதி வழியே வரவேண்டிய அலைகள் எதிர்பார்த்த நேரத்தைவிடத் தாமதமாகத் தொலைநிலையங்களை அடைந்தன. நடுவே வேறு தன்மையுடைய ஒரு பகுதி இருப்பதே இதற்குக் காரணம் என 1906இல் அறிவித்தார். புவியின் கருவம் அலைகளின் சான்றால் இவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும், அது எப்பொருளால் ஆனது என்று ஊகித்துரைக்க அவர் முற்படவில்லை. சான்று நின்ற இடத்தில் தாமும் நின்றார்.

அவர் கணித்த அளவைப் பின்வந்தோர் திருத்தினர். கருவத்தின் எல்லை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளதென 1914இல் குட்டன்பர்க் கண்டறிந்தார். கருவம் நீர்மம் என்பதை 1926இல் ஜெஃப்ரீஸ் நிறுவினார். அதனுள்ளும் ஓர் உட்கருவம் உண்டென இங்கே லேமன் 1936இல் வெளிப்படுத்தினார். அவ்வாண்டிலேயே ஓல்டாம் மறைந்தார்.

ஊர்களைச் சரித்த அதே அதிர்வு, பொறுமையோடு ஆராய்ந்தவருக்குப் புவியின் உட்புறத்தைக் காட்டியது. அவர் வகுத்த அலைகளே இன்றும் உலகெங்கும் நிலநடுக்கத்தின் இருப்பிடத்தைக் கணிக்கத் துணைநிற்கின்றன.