அவைத்தலைவர் அனந்தசயனம் ஐயங்கார்

திருப்பதிக்கு அருகில் உள்ள சிற்றூர் திருச்சானூர். அலர்மேல்மங்கைத் தாயார் கோயிலால் புகழ்பெற்ற அவ்வூரில், 1891ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் பிறந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். முதலில் கணித ஆசிரியராக விளங்கிய அவர், 1915இல் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டு சித்தூரில் பணியாற்றினார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, 1921இல் ஓராண்டுக் காலம் அத்தொழிலைத் துறந்தார். தனிநபர் அறப்போரிலும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். அந்நாளில் நடைமுறையில் இருந்த 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில், குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்கெனத் தனிப்பகுதி இல்லை. ஆட்சியாளர் இயற்றும் சட்டம் உரிமையைப் பறித்தால், அதைக் காட்டி முறையிட வழியில்லை.

இக்குறையை நீக்கிய அரசியலமைப்பு நிர்ணய மன்றத்தில் ஐயங்காரும் ஓர் உறுப்பினர். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் அந்த அளவிற்குச் செல்லாது என்கிறது. 32ஆம் உறுப்பு, உரிமை இழந்தவர் உச்ச நீதிமன்றத்தை நேரே நாட வழிசெய்கிறது. பேச்சுரிமை போன்றவற்றிற்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம்; உரிமையையே அழித்தல் ஆகாது.

திருப்பதித் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்கும், சித்தூரிலிருந்து இரண்டாம் மக்களவைக்கும் ஐயங்கார் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 முதல் 1962 வரை மக்களவைத் தலைவராக வீற்றிருந்தார். சட்டம் இயற்றும் அவையின் உயர்ந்த இருக்கை அது. ஆயினும், அவ்வவையினர் அனைவரும் ஒருமனதாக நிறைவேற்றும் சட்டமும் அரசியலமைப்பு வகுத்த எல்லைக்கு உட்பட்டதே. குடியரசில் பெரும்பான்மைக்கும் ஓர் எல்லையுண்டு.

பின்னர்ப் பீகார் ஆளுநராகப் பணிபுரிந்தார். அவர் வாழ்நாளிலேயே, 1973இல், கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முடிவை வழங்கியது: நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைத்தல் கூடாது. ஐயங்கார் 1978 மார்ச் 19இல் மறைந்தார். அவரும் பிறரும் கூடி வகுத்த எல்லை, இன்றும் எளிய குடிமகனின் அரணாக நிற்கிறது.

சொற்பொருள்: அறப்போர் – சத்தியாகிரகம், அரண் – பாதுகாப்பு.

சிந்தித்து எழுதுக: பெரும்பான்மையினர் விரும்பினாலும் சில உரிமைகளைப் பறிக்க இயலாது என்பது ஏன் தேவை?