ஐஸ்கிரீம் கடை வருமானத்தில் பல் மருத்துவக் கல்லூரி: யார் இந்த டாக்டர் ரஃபியுதீன் அகமது?

திருப்பூர் மாவட்டம் பொங்கலூர். கோவை - திருச்சி சாலையில் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், கோழிப்பண்ணைகள், காலையில் பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குப் பல்லு வலி வந்தால் என்ன நடக்கும்? முதல்ல ஒரு கிராம்பு. அப்புறம் உப்புத் தண்ணி. அதுக்கும் அடங்கலைன்னா மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை. ஒரு ஷிப்ட் விட்டால் அன்றைய கூலி போச்சு என்பதால், சனிக்கிழமை சம்பளம் வரைக்கும் வலி தள்ளிப்போகும். கடைசியில் பல் டாக்டர் முன்னால் உட்காரும்போது பலரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பல்லைப் புடுங்கி விட்டுடணும்.

டாக்டரோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, புடுங்கத் தேவையில்லை, சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் போதும் என்று சொல்லக்கூடும். இன்றைக்கு இது சாதாரண விஷயம். ஆனால் சுமார் 100 வருடங்களுக்கு முன்னால், இந்தியாவில் இதை முறையாகக் கற்றுக்கொடுக்க ஒரு கல்லூரிகூட கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு மனிதர் ஐஸ்கிரீம் கடை நடத்தினார். அவர்தான் இந்தியாவின் நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று அழைக்கப்படும் டாக்டர் ரஃபியுதீன் அகமது.

அவர் என்ன செய்தார்? அவர் கட்டியது இன்றைக்கு நமக்கு எப்படிப் பயன்படுகிறது? பார்க்கலாம்.

பல் சொத்தைக்குக் காரணம் தெரிந்த காலம்

அகமது பிறந்தது 1890 டிசம்பர் 24. அன்றைய கிழக்கு வங்கத்தில், டாக்கா பக்கத்து கிராமம் ஒன்றில்.

அதே 1890-ல் பல் மருத்துவ உலகில் ஒரு முக்கியமான புத்தகம் ஆங்கிலத்தில் வெளியானது. எழுதியவர் பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கரான வில்லபி மில்லர். பல்லில் புழு இருக்கிறது, அதுதான் அரிக்கிறது என்று உலகம் பூராவும் மக்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மில்லர் சொன்னது வேறு. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வாயில் இருக்கும் கிருமிகள் உடைத்து அமிலம் ஆக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது என்று அவர் விளக்கினார்.

இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. புழு என்றால் பல்லைப் புடுங்கி எறிவதுதான் வழி. மெல்ல மெல்லக் கரைகிறது என்றால், நடுவில் நிறுத்தலாம். கெட்டுப்போன பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம்.

எப்படிக் காப்பாற்றுவது என்பதை ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்காவின் ஜி.வி. பிளாக். வெள்ளி, தகரம் கலந்த உலோகத் தூளைப் பாதரசத்தோடு குழைத்து அடைக்கும் அமால்கம் அடைப்பு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் சில அடைப்புகள் சுருங்கிவிடும், சில உப்பிவிடும். எதை எந்த அளவில் கலந்தால் அடைப்பு நிலைத்து நிற்கும் என்பதை 1890-களில் பிளாக் சோதனை செய்து வகுத்தார். குழியை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்பதற்கும் விதிமுறை கொடுத்தார்.

அறிவியல் தயாராக இருந்தது. இந்தியாவுக்கு அது வந்து சேரத்தான் ஆள் தேவைப்பட்டது.

டாக்காவிலிருந்து பாஸ்டன் வரை

அலிகாரில் படிப்பை முடித்த அகமது, 1909-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அந்தக் காலத்தில் வசதியான இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் வக்கீல் படிப்புக்கும் மருத்துவப் படிப்புக்கும் லண்டனுக்குக் கப்பல் ஏறுவார்கள். பல் மருத்துவம் படிக்க அமெரிக்கா போவது அபூர்வம். அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1915-ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

அடுத்து அவர் வேலைக்குச் சேர்ந்த இடம்தான் முக்கியம். பாஸ்டன் நகரில் இருந்த ஃபோர்சித் குழந்தைகள் பல் மருத்துவமனை. ரப்பர் தொழிலில் சம்பாதித்த ஃபோர்சித் குடும்பத்தின் பணத்தில் உருவாகி, 1914-ல் திறக்கப்பட்டது. பாஸ்டனின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை கொடுப்பதுதான் அதன் வேலை.

தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் பல்லையும் அடைத்துக் காப்பாற்ற முடியும், அதற்குத் தேவை பயிற்சி பெற்ற ஆட்களும் ஒரு நிறுவனமும் என்பதை அகமது அங்கே தினமும் கண்ணால் பார்த்தார். 1918 வரை அங்கே வேலை பார்த்துவிட்டு, 1919-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

கல்கத்தாவில் ஒரு சோடா கடை

அன்றைய இந்தியாவில் தெருவோரம் பாய் விரித்து, புடுங்கின பல்லையெல்லாம் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் சாதாரண மக்கள் பல்லைக் காட்டினார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சில டாக்டர்கள் பெரிய நகரங்களில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் கட்டணத்தை எல்லோராலும் கொடுக்க முடியாது.

அகமது நினைத்திருந்தால் கல்கத்தாவில் ஒரு கிளினிக் போட்டு, நல்லா சம்பாதித்திருக்கலாம். அவர் கல்லூரி ஆரம்பித்தார். 1920-ல் தொடங்கிய கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரிதான் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி.

பணத்துக்கு என்ன வழி? இங்கேதான் அந்தக் கடை வருகிறது. அமெரிக்காவில் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் கடைகளுக்கு அப்போது ஏக கிராக்கி. அதே மாதிரி கல்கத்தாவில் ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்ற கடையைத் திறந்தார் அகமது. அதில் வந்த வருமானம் கல்லூரிக்குப் போனது. பல்லைக் கெடுக்கும் இனிப்பை விற்று, பல்லைக் காக்கும் படிப்புக்குச் செலவு செய்தார் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

ஆரம்ப வருடங்களில் மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் வந்தார்கள். பல் புடுங்குவதற்கு ஒரு படிப்பா என்று கேட்ட காலம். ஆனாலும் கல்லூரியை அவர் மூடவில்லை. அந்தத் தொடக்க காலத்தில் அங்கே படித்தவர்களில் ஒருவர் ஃபாத்திமா ஜின்னா. முகமது அலி ஜின்னாவின் தங்கை. படிப்பு முடித்து 1923-ல் பம்பாயில் கிளினிக் திறந்தார். பெண்கள் தனியாகத் தொழில் செய்வதே அரிதாக இருந்த நாட்களில் அது சின்ன விஷயம் இல்லை.

கட்டடம் மட்டும் போதுமா?

கல்லூரி திறந்தாச்சு. மாணவர்கள் எதைப் படிப்பார்கள்? ஒரு டாக்டர் கண்டுபிடித்தது இன்னொரு டாக்டருக்கு எப்படித் தெரியும்? படிக்காதவர் பல் டாக்டர் என்று போர்டு மாட்டினால் யார் கேட்பது? அடுத்த 20 வருடங்கள் அகமது இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் தேடினார்.

முதலாவது, புத்தகம். பல்லைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை பற்றி மாணவர்களுக்கான கையேடு ஒன்றை 1928-ல் வெளியிட்டார்.

இரண்டாவது, இதழ். 1925-ல் இந்தியன் டென்டல் ஜர்னல் என்ற இதழைத் தொடங்கி, 1946 வரை அவரே ஆசிரியராக இருந்தார். அதே 1925-ல் வங்காளத்தில் பல் மருத்துவர்கள் சங்கமும் உருவானது. பின்னாளில் அகில இந்திய அளவிலான சங்கத்துக்கும் அவர் தலைவராக இருந்தார்.

இதழ் ஏன் அவ்வளவு முக்கியம்? பல் அடைப்பு என்பது அடைத்த அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். அது சரியா தப்பா என்பது சில வருடம் கழித்துத்தான் தெரியும். அடைப்பின் ஓரத்தில் முடி அளவு இடைவெளி விழுந்தால்கூட கிருமி உள்ளே போய், அடைப்புக்கு அடியிலேயே மறுபடி சொத்தை வரும். பழைய அடைப்புகளை மாற்ற வேண்டி வருவதற்கு இன்றைக்கும் முக்கியமான காரணம் இதுதான். எந்தப் பொருள், எந்த முறை, எத்தனை வருடம் நின்றது என்று பல டாக்டர்கள் எழுதி வைத்து ஒப்பிட்டால்தான் எது நல்லது என்று சொல்ல முடியும். பல் மருத்துவத்தில் மருத்துவ ஆய்வு என்பதன் அடிப்படை இந்தப் பதிவுதான்.

மூன்றாவது, சட்டம். 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர்களுக்கான சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் அகமதுவின் உழைப்பு இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் நாடு முழுமைக்கும் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. மறுவருடமே இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. பட்டம் இல்லாமல் பரம்பரையாகவோ அனுபவத்திலோ இந்தத் தொழிலைச் செய்துவந்தவர்களை ஒரேயடியாக வெளியே தள்ளிவிடவில்லை. பட்டம் பெற்றவர்கள் ‘ஏ’ பிரிவு. குறைந்தது 5 வருடம் இதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்கள் ‘பி’ பிரிவு. இப்படி இரண்டு பதிவேடுகள் வந்தன. பிழைப்பும் போகக் கூடாது, நோயாளிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற சிக்கலுக்கு அன்றைக்குக் கிடைத்த நடுவழி அது.

வளர்த்த கல்லூரியைக் கொடுத்தார்

1947 பிரிவினையில் அகமது பிறந்த ஊர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் கல்கத்தாவிலேயே இருந்தார். கல்லூரியும் அங்கேதான் இருந்தது.

1949-ல் அவர் எடுத்த முடிவுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரியது. ஏறக்குறைய 30 வருடம் தன் காசையும் காலத்தையும் போட்டு வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். ஒரு தனிமனிதரின் கையில் இருந்தால் அவரோடு முடிந்துபோகக்கூடிய நிறுவனம், அதனால் பொதுச் சொத்து ஆனது.

அதன்பிறகு அரசியல். முதலமைச்சராக இருந்த பி.சி. ராயும் ஒரு டாக்டர்தான். அவருடைய அமைச்சரவையில் 1950 முதல் 1962 வரை அகமது அமைச்சராக இருந்தார். விவசாயம், கூட்டுறவு, சமுதாய வளர்ச்சி போன்ற துறைகளைப் பார்த்தார். 1964-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1965-ல், தன் 74-வது வயதில் காலமானார்.

அவர் தொடங்கிய கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான். கொல்கத்தா சியால்டா பகுதியில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. அவர் பிறந்த டிசம்பர் 24, இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அவருக்குப் பிறகு என்ன மாறியது?

தமிழ்நாட்டில் 1953-ல் சென்னையில் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அடைக்கும் பொருளும் மாறியது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கிளாஸ் அயனோமர் என்ற பொருள் வந்தது. பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடையும் வெளிவிடும். 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், கரண்ட் இல்லாத கிராமங்களில், டிரில் மெஷின் இல்லாமல் கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கடைசியில் இந்தப் பொருளையே வைத்து அடைக்கும் முறை உருவானது. பாதரசம் கலந்த அமால்கத்தைக் குறைக்க 2013-ல் மினமாட்டா ஒப்பந்தம் வந்தது. பற்களுக்கு ஏற்ற நிறத்தில் இருக்கும் காம்போசிட் அடைப்புகள் இன்று நிறைய கிளினிக்குகளில் சாதாரணமாகிவிட்டன.

அகமது வேலை பார்த்த ஃபோர்சித் மருத்துவமனையும் பின்னாளில் உலகின் முக்கியமான வாய்நல ஆய்வு நிறுவனம் ஆனது. ஈறு நோய்க்குக் காரணமான கிருமிகள் எவை எவை கூட்டணி சேர்கின்றன என்பதை அங்கே இருந்த சிக்மண்ட் சோக்ரான்ஸ்கி குழு 1998-ல் வகைப்படுத்திக் காட்டியது.

இவ்வளவு மாறியும் மாறாத ஒன்று உண்டு. உலக சுகாதார அமைப்பின் 2022 அறிக்கைப்படி, உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய்நோய் இருக்கிறது. அதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

பொங்கலூர்க்காரருக்கு இதில் என்ன இருக்கிறது?

பல்லின் வெளி ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை ஆரம்பிக்கும்போது வலிக்காது. அது உள் அடுக்குக்கு இறங்கிய பிறகுதான் கூச்சமும் வலியும் தெரியும். சனிக்கிழமை வரைக்கும் தாங்கிக்கொள்ளும் வலி என்பது, சொத்தை ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டது என்பதற்கான அடையாளம். ஆரம்பத்திலேயே பார்த்தால் ஒரே நாளில் அடைப்பு. தள்ளிப்போட்டால் பல நாள் வேர் சிகிச்சை. இன்னும் விட்டால் பல்லே போகும்.

டீ விஷயமும் உண்டு. ஒவ்வொரு முறை சர்க்கரை போட்ட டீயோ பன்னோ உள்ளே போகும்போதும் அரை மணி நேரம் அளவுக்கு வாயில் அமிலம் இருக்கும். எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஷிப்ட் நேரத்தில் டீ குடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். ராத்திரி படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் ஒரு தடவை பல் துலக்கலாம். அடைத்த பல்லையும் வருடம் ஒருமுறை காட்டுவது நல்லது. செலவு குறைவு, பலன் அதிகம்.

100 வருடத்துக்கு முன்னால் டாக்டர் அகமது செய்தது, பல்லைக் காப்பாற்றத் தெரிந்த கைகளை இந்த நாட்டிலேயே உருவாக்கியது. அந்தக் கைகள் இப்போது பல்லடத்திலும் திருப்பூரிலும்கூட இருக்கின்றன. அடுத்த தடவை பல்லு வலித்தால், புடுங்கச் சொல்வதற்கு முன்னால், காப்பாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.