சேற்றில் கிடைத்த நெருப்பு

மின்சாரத்தை அளக்கும் ‘வோல்ட்’ என்னும் சொல்லை நாம் அறிவோம். அதற்குத் தம் பெயரை அளித்த அறிஞர், மின்கலத்தைக் கண்டுபிடிப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பு ஏரிச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அலெஸ்ஸாந்திரோ வோல்ட்டா 1745 பிப்ரவரி 18-ஆம் நாள் வட இத்தாலியின் கோமோ நகரில் பிறந்தார். நான்கு வயது வரை பேச்சு வராததால் பிள்ளை ஊமையோ என்று வீட்டார் கலங்கினர். குருக்களும் கன்னியரும் நிறைந்த குடும்பம் அது. அவருடைய சகோதரியர் இருவர் துறவறம் பூண்டனர். இயேசு சபையாரிடம் பயின்ற அவரை வழக்கறிஞராக்க வீட்டார் விரும்பினர். அவர் உள்ளமோ இயற்கையை ஆராய்வதிலேயே நாட்டம் கொண்டது.

1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரிக்கரையில், அஞ்சேரா என்ற ஊரருகே, நாணல் மண்டிய சேற்றை அவர் ஒரு கோலால் கிளறினார். குமிழிகள் மேலெழுந்தன. நீர் நிரப்பிய புட்டியைக் கவிழ்த்துப் பிடித்து அவற்றைச் சேகரித்தார். தீயிட்டதும் அந்த வாயு நீலச் சுடருடன் எரிந்தது. எரியும் காற்று என்றால் அந்நாளில் அறிஞர் பெரிதும் அறிந்தது உலோகத்தின்மேல் அமிலம் ஊற்றிப் பெறும் ஹைட்ரஜனை. இதுவும் அதுவே என்று விட்டிருக்கலாம். வோல்ட்டா விடவில்லை. சேற்று வாயு மெதுவாக எரிந்தது. முழுதும் எரிய மிக அதிகமான காற்றும் வேண்டியிருந்தது. ஆகவே இது வேறு வாயு என்று தெளிந்தார். மூடிய கலத்தில் மின்பொறியால் அதை வெடிக்கச் செய்தும் பார்த்தார். இந்தப் பொறுமையே அவரிடம் நாம் பெரிதும் வியப்பது.

அவ்வாயுவே மீத்தேன். அந்தப் பெயரை 1866-இல் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலறிஞர் முன்மொழிந்தார். ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அது. நிறமும் மணமும் அற்றது, காற்றைவிட இலேசானது. எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறியே வெடிக்கப் போதும். நிலக்கரிச் சுரங்கங்களில் எத்தனையோ தொழிலாளர் உயிரைக் குடித்தது இதுவே. சாண எரிவாயுக் கலத்தில் அடுப்பெரிக்க உதவுவதும் இதுவே. (வீட்டுச் சிலிண்டரில் இருப்பது மீத்தேன் அல்ல, புரோப்பேனும் பியூட்டேனும்.) உர ஆலைகளுக்கு வேண்டிய ஹைட்ரஜனும் பெரும்பாலும் இதிலிருந்தே கிடைக்கிறது. எரியாமல் காற்றில் கலந்தால், கரியமில வாயுவைவிடப் பன்மடங்காகப் பூமியைச் சூடேற்றும்.

பின்னர் பவியா பல்கலைக்கழகப் பேராசிரியரான வோல்ட்டா, 1800-இல் தம் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டு பாரிஸில் நெப்போலியன் முன் அதை இயக்கிக் காட்டினார். 1810-இல் கோமகன் பட்டமும் பெற்றார். இத்தனை புகழிலும் நாள்தோறும் திருப்பலி காணச் சென்றார். பங்கில் சிறுவர்க்கு மறைக்கல்வி போதித்தார். 1814-இல் மகன் ஃபிளமீனியோவைப் பறிகொடுத்தார். அந்தத் துயர் ஆறுமுன்னரே, 1815-இல், தம் கத்தோலிக்க விசுவாசத்தைத் தம் கைப்பட எழுதி வெளிப்படுத்தினார்.

1827 மார்ச் 5-ஆம் நாள் கோமோவிலேயே காலமானார். 1881-இல் மின் அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.