கணக்காளர் சேர்த்த காளான்கள்

மாரி மழை விட்ட மறுநாள், வளவின் மூலையில் உக்கிக் கிடக்கும் மரக்குற்றியைக் குனிந்து பாருங்கள். சட்டைப் பொத்தானிலும் சிறிய கிண்ணங்கள் சில முளைத்திருக்கக்கூடும். அவையும் காளான்களே. கிண்ணத்தின் உட்புறத்தில் நுண்ணிய பைகள் நெருங்கி நிற்கும். பெரும்பாலும் பைக்கு எட்டு வித்திகள். மெல்ல ஊதினால் சிலவேளை எல்லாம் ஒன்றாய் வெடித்துப் புகைபோல் எழும். நயினாதீவில் உம்மம்மா வீட்டில் முதன்முதல் அதைக் கண்டு நான் பயந்து பின்வாங்கியது நினைவிருக்கிறது.

இத்தகைய சிறு பொருள்களை இலங்கைக் காடுகளிலிருந்து சேர்த்தவர் ஜோர்ஜ் ஹென்றி கென்ட்ரிக் துவெய்ற்ஸ். 1812இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தொழில் கணக்கெழுதுவது, ஓய்வு நேரமெல்லாம் நுணுக்குக்காட்டியோடு கழிந்தது. 1849இல் பேராதனைப் பூங்காவைப் பொறுப்பேற்க வந்தவர் பிறகு தாய்நாடு திரும்பவேயில்லை.

கிண்ணக் காளானைச் சேர்ப்பது இலகுவன்று. உலர்த்தினால் நிறம் போய்ச் சுருங்கிவிடும். பறித்தவுடன் வரைந்துவிட வேண்டும். பேராதனையில் டி அல்விஸ் குடும்பத்துச் சித்திரக்காரர்கள் இருந்தது அவருடைய பாக்கியம். காய்ந்த மாதிரிகள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. அங்கே பார்க்லி, புரூம் என்னும் இருவர் பெயர் சூட்டினர். 1870களில் வெளிவந்த அவர்களது பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளான்கள் உள்ளன. காட்டில் நனைந்தவர்களோ இங்கிருந்தவர்கள். காய்ந்ததை மட்டும் பார்த்துப் பெயரிட்டதால் பிழைகளும் நேர்ந்தன. 1905இல் பேராதனைக்கு வந்த தொம் பெற்ச் அவற்றைத் திருத்தப் பல ஆண்டுகள் செலவிட்டார்.

துவெய்ற்ஸ் அனுப்பியவற்றுள் ஒன்று கிண்ணமுமன்று, குடையுமன்று, வெறும் தூள். 1869இல் மடூல்சீமைக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் செம்மஞ்சளாகப் படிந்திருந்தது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வந்தது. பின்பாதிக்குப் பேரழிவு செய்வது என்று பொருள். பெயர் வந்தது, மருந்து வரவில்லை. கோப்பி விலை நன்றாக இருந்தமையால் துரைமார் புதுக் காடுகளை வெட்டி மேலும் கோப்பியே நட்டனர். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி சரிந்து தேயிலை ஏறியது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் பெரும்பாலும் வந்துபோன தமிழகத் தொழிலாளர், கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியதால் குடும்பத்தோடு மலையகத்தில் தங்கினர். நம் மலையகத் தோழிகளின் குடும்பக் கதைகள் பலவற்றின் தொடக்கத்தில் இந்தத் தூள் இருக்கிறது.

துவெய்ற்ஸ் 1880இல் ஓய்வு பெற்றார். மணம் செய்யவில்லை. 1882 செப்டெம்பரில் கண்டியில் காலமானார். மலைக்காட்டு மரங்களில் தொற்றி ஏறிச் சிவக்கப் பூக்கும் கென்ட்ரிக்கியா என்னும் செடி அவருடைய நடுப்பெயரைத் தாங்கி நிற்கிறது.