வத்திராயிருப்பு தந்த ஒளி விஞ்ஞானி

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று எல்லாப் பள்ளிகளிலும் சர் சி.வி. ராமனின் பெயர் ஒலிக்கும். அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்குத் துணை நின்று உழைத்தவர் நம் பக்கத்துச் சீமைக்காரர் என்பது தெரியுமா? அவர்தான் சர் கே.எஸ். கிருஷ்ணன்.

கோவில்பட்டியிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு வரும். 1898 டிசம்பர் 4-ஆம் நாள் அங்கே பிறந்தார் கிருஷ்ணன். தந்தை விவசாயி, தமிழும் வடமொழியும் கற்றவர். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு அதே சென்னைக் கல்லூரியில் வேதியியல் செய்முறை ஆசிரியரானார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் எந்தச் சந்தேகம் கேட்டாலும் விளக்குவாராம். இயற்பியல், கணிதம் எதுவானாலும் சரி!

1923-ல் கல்கத்தா சென்று ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1928-ன் தொடக்கத்தில் அவர்கள் செய்த சோதனையைக் கேளுங்கள். அதற்குத் தேவைப்பட்ட விளக்கு எது தெரியுமா? நம் கரிசல் காட்டில் பஞ்சமே இல்லாத வெயில்தான்!

வெயிலின் வழியில் ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியை வைத்தார்கள். அடுத்து, அந்த ஊதாவைத் தடுத்துவிடும் பச்சை வடிகட்டி. இரண்டும் சேர்ந்தால் ஒளி வரக் கூடாது அல்லவா? ஆனால் நடுவில் சுத்தமான திரவத்தை வைத்தபோது, சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதி இரண்டாவது வடிகட்டியையும் தாண்டி வந்தது. அப்படியானால் திரவத்துக்குள் ஒளியின் நிறமே மாறியிருக்கிறது!

காரணம் எளிது. அசையாத சுவரில் பந்தை எறிந்தால் ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பும். தொங்கும் ஊஞ்சலில் எறிந்தால், ஊஞ்சல் ஆடத் தொடங்கும். பந்தின் வேகம் குறையும். அதுபோல ஒளி, மூலக்கூறை அதிரவைத்துத் தன் ஆற்றலில் சிறிது இழக்கிறது. ஆற்றல் மாறினால் நிறமும் மாறும். சுமார் 60 திரவங்களில் இதைச் சோதித்தார்கள். 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணன் அதோடு ஓய்ந்துவிட்டாரா? இல்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு அவற்றின் காந்தப் பண்புகளை அளந்தார். அந்த ஆய்வுகள் அவருக்கென்று தனிப் புகழைத் தேடித் தந்தன. 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரத்தைத் துல்லியமாகக் காப்பது இந்த ஆய்வகம்தான். 1954-ல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1961 ஜூன் 14 அன்று மறைந்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்: டார்ச் விளக்கின் முன் சிவப்புக் கண்ணாடித் தாளையும் பச்சைக் கண்ணாடித் தாளையும் சேர்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். ஏன் என்று யோசியுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்த்துவிடாதீர்கள்!

பரிசு ஒருவருக்குப் போகலாம். உழைப்பால் வந்த அறிவு உழைத்தவரை விட்டுப் போகாது. அடுத்த அறிவியல் தினத்தன்று கிருஷ்ணனின் பெயரையும் சேர்த்துச் சொல்வீர்கள்தானே?