51 மணி நேரம் கடல், 187 மணி நேரம் சைக்கிள்... யார் இந்த ஆழிக்குமரன் ஆனந்தன்?

ஆம்பூர்ல இருந்து வேலூருக்கு எத்தனையோ தடவை பஸ்ல போயிருப்பீங்க. சுமார் 50 கிலோமீட்டர். சைக்கிள்ல போய்ட்டு வான்னு சொன்னா, மறுநாள் லீவு கேட்போம். அந்தத் தூரத்தை 20 தடவைக்கும் மேல போய் வந்தா எவ்வளவு வருமோ, அவ்வளவையும் ஒரே மூச்சில் ஓட்டியவர் ஒரு தமிழர். பெயர் குமார் ஆனந்தன். ஊர் மக்கள் வைத்த பெயர், ஆழிக்குமரன்.

1943-ல் யாழ்ப்பாணம் பக்கத்துல வல்வெட்டித்துறையில் பிறந்தார். ஆனந்தனுக்குப் பத்து வயசு இருக்கும்போது, 1954-ல், நவரத்தினசாமி என்பவர் அதே ஊர்க் கரையிலிருந்து கோடியக்கரைக்கு 27 மணி நேரத்தில் நீந்தி வந்தார். பாக் நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் அவர்தான்.

ஆனந்தன் சட்டம் படிச்சு வக்கீலானார். ஆனா மனசு கடல்லதான்.

தனுஷ்கோடி முனையில நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்களே... அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1971-ல் தலைமன்னாரில் குதித்த ஆனந்தன், தனுஷ்கோடியைத் தொட்டுவிட்டு நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். ரெண்டு ராத்திரிக்கு மேல தூக்கமில்லை. நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், ஜெல்லி மீன் உடம்பெல்லாம் எரிய வைக்கும்.

அதோட அவர் நிறுத்தலை. 1979-ல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுத்திச் சுத்தி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினார். மறுவருஷம் ஒத்தைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1981-ல் நம்ம சென்னை அண்ணா நீச்சல் குளத்தில், பக்கச் சுவரைத் தொடாமல் 80 மணி நேரம் மிதந்தார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன. அடுத்த வருஷமே ஆனந்தன் இங்கிலாந்து போனார். இலக்கு, ஆங்கிலக் கால்வாய். சுமார் 34 கிலோமீட்டர்தான். 1971-ல் நீந்தியதில் கிட்டத்தட்ட பாதி.

ஆனா அங்கே எதிரி தூரம் இல்லை, குளிர். நம்ம கடல் 28 டிகிரி பக்கம் இருக்கும். அங்கே ஆகஸ்ட்லகூட 16, 17 டிகிரிதான். உடம்புச் சூடு காக்கும் உடை போட்டால் சாதனையா ஏத்துக்க மாட்டாங்க. உடம்பு சூட்டை இழந்துகிட்டே வரும். அது மன உறுதிக்குக் கட்டுப்படாது.

1984 ஆகஸ்ட் 6. அந்த முயற்சியிலேயே ஆனந்தன் இறந்தார். வயது 41.

வலியைப் பொறுத்துக்கிட்டா ஜெயிக்கலாம்னு நமக்கு ரீல்ஸ் சொல்லும். அவரளவுக்குப் பொறுத்தவங்க குறைவு. ஆனாலும் உடம்புக்குன்னு ஒரு எல்லை இருக்கு. ஆனந்தனை நினைச்சா பிரமிப்போட இந்தப் பாடமும் சேர்ந்தே வருது.

அடுத்த முறை தனுஷ்கோடி போனா, செல்ஃபிக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அந்தக் கடலைப் பாருங்க. ஒரு மனுஷன் அங்கே கரையைத் தொட்டுட்டு, மறுபடி தண்ணிக்குள்ள இறங்கியிருக்கார்.